பின்னோக்கி நடந்தவர்

வால் ஓடிக்கொண்டிருந்தான்.

சாவு வீட்டிலிருந்து ஓடுகிறவனை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. நாற்காலி சொல்லப் போகிறான், வண்டிக்காரனைத் தேடிப் போகிறான், பால் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அவரவர் மனசுக்குள் ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். உண்மையான காரணம் வேறு. சற்று முன்பு அவன் போனில் ஒரு பெண்குரல் வந்திருந்தது.

"தம்பி, நேத்து உங்க நடையில வந்தேனே, பல் டாக்டர். உங்க அத்தான் பேசினது பூரா என் போன்ல வீடியோவா இருக்கு. கடைசி வரைக்கும். அதை வீட்டுல குடுக்கணும்னு தோணுது. எல்லாருமா மணிக்கூண்டுக்குக் கீழதான் நிக்கிறோம். வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, வந்துடறோம்."

"நீங்க வராதீங்க. நான் வர்றேன்."

அந்தக் 'கடைசி வரைக்கும்'தான் அவனைச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட வைத்தது.

செத்துப்போனவர் அவன் அக்காவின் புருஷன். ஊரின் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. பஸ்ஸில் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் ஒப்பிக்கிற ரகம் இல்லை. பத்துப் பேரோ பதினைந்து பேரோ, சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைப்பார். "கீழே பார்க்காதீங்க. கீழ் மாடி கடைக்காரனோடது, நினைச்சா வேஷம் மாத்திடுவான். மேல பாருங்க. மேல் மாடிக்குச் செலவு பண்ண எவனுக்கும் மனசு வராது. அதனால நிஜம் அங்கதான் இருக்கு" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்த பிறகு முன்னால் திரும்பி நடக்கிற வழக்கமே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் பேச்சு எதிர்ச்சுவருக்குப் போகும், ஜனங்களுக்குப் போகாது என்பது அவருடைய கட்சி.

பின்னோக்கி நடக்கிற மனுஷனுக்கு முதுகில் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்தான் வால்.

கூட்டத்தின் கடைசியில் வருகிறவனுக்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர். பார்த்த வேலையெல்லாம் பாதியில் விட்ட மைத்துனனை அக்காவின் பேச்சைக் கேட்டு அத்தான் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து, வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கடை வாசலில் மயங்கி நின்றுவிடுகிறவர்களை மீட்டுக்கொண்டு வருவது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, தலைகளுக்கு மேலாக அத்தானைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அவருக்குப் பின்னால் படி வந்தால் வலது கை. வண்டி வந்தால் இடது கை. இரண்டு கையும் உயர்ந்தால் நிற்க வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் கதை அறுந்துவிடும். கை உயர்ந்ததும் அத்தான் பேச்சை நிறுத்தாமல், பார்த்துவிட்டேன் என்பது போல் லேசாகத் தலையாட்டுவார்.

"அவர் முதுகு உன் பொறுப்புடா" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

நேற்றுக் காலை கிடங்குத் தெருவில் வலது கை உயரவில்லை. வால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கூட்டம் வட்டமாகக் குனிந்திருந்தது. வட்டத்துக்கு நடுவே, கிடங்கு வாசலின் கருங்கல் படியடியில் அத்தான் கிடந்தார். தலையில் ரத்தம். படி தடுக்கி விழுந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லோரும் அதையே சொன்னார்கள். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்த டாக்டர் மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

"விழுந்ததால இதயம் நின்னுதா, இதயம் நின்னதால விழுந்தாரான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல."

நின்றதால் விழுந்தார் என்றால் வால் ஒரு கவனக்குறைவான பயல், அவ்வளவுதான். விழுந்ததால் நின்றது என்றால் அவன் அக்காவின் தாலியறுத்தவன். நேற்றிலிருந்து அவன் இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தான். கை தூக்காத விஷயம் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அது தெரிந்துவிட்டால் விடாமல் துருவக்கூடிய ஆள் ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தானின் அண்ணன், எல்லோருக்கும் பெரியவர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களுக்குப் போய், தப்பு யார் பேரில் என்று தீர்ப்பு எழுதிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. "விபத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார். காரணம்னு ஒண்ணு இருக்கும். அந்தக் காரணத்துக்குப் பின்னாடி ஒரு ஆள் இருப்பான்."

மணிக்கூண்டின் கீழே நேற்றைய கூட்டம் நேற்று நின்ற அதே இடத்தில், அதே வரிசையில் நின்றிருந்தது. வெள்ளைத் தலையும் விளையாட்டு ஷூவுமாகப் பல் டாக்டர், புதுசாகக் கல்யாணமான ஜோடி, வெயில் இல்லாவிட்டாலும் தொப்பி கழற்றாத ஒருவர், பின்னால் இன்னும் சிலர். வாலைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"போனைக் குடுங்கம்மா" என்றான் மூச்சிரைக்க. "நானே அக்காகிட்ட காட்டிட்டுக் கொண்டாந்து தந்துடறேன். நீங்க எதுக்கு அலையணும்."

"அலையறதுக்குத்தானே தம்பி இந்த ஊருக்கே வந்தேன்."

"அப்ப என் போனுக்கு அனுப்பிடுங்க."

"பெரிசா இருக்குப்பா. போகவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே நிக்குது."

"நீங்க முழுசாப் பார்த்தீங்களா?"

"அந்தத் தெருவுக்குள்ள திரும்புற வரைக்கும் பார்த்தேன். அதுக்கு மேல முடியல." அவர் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "எத்தனையோ பேருக்குப் பல் பிடுங்கியிருக்கேன், கை நடுங்கினதில்ல. இதுக்கு நடுங்கிடுச்சு."

"கேமராவை அவர் பக்கம் மட்டும்தானே பிடிச்சிருந்தீங்க?"

"எல்லாப் பக்கமும்தான். மேல, கீழ, பின்னாடி. நாலு பக்கமும் பாருங்கன்னு அவர்தானே சொன்னார்."

வீடு அங்கிருந்து கூப்பிடுதூரம். நேர் ரோட்டில் போய் ஒரு திருப்பம் திரும்பினால் வந்துவிடும். வால் நேர் ரோட்டில் போகவில்லை. இவர்களுக்குச் சாயங்காலம் ரயில் என்று அவனுக்குத் தெரியும். உடலை எடுக்க வண்டியும் வந்துவிடும். அந்தக் களேபரத்தில் இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு கும்பிடு, ஒரு ஆறுதல், அவ்வளவோடு போய்விடுவார்கள். வீடியோவைப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதுதான் திட்டம்.

"இந்தப் பக்கமா வாங்க" என்று இடப்பக்கத் தெருவைக் காட்டினான்.

முன்னால் நடப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. நாலு அடி போவதற்குள் பழக்கதோஷம் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. தொப்பிக்காரர் அண்ணாந்து பார்த்து, "இது என்ன கட்டடம் தம்பி?" என்றார்.

வால் அந்தக் கட்டடத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறான். ஆனால் கடைசியில் நடக்கிறவனுக்கு அத்தானின் பேச்சு எட்டாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிடரிகள். பிடரிகள் எல்லாம் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தால் அங்கே ஏதோ ஜன்னல் இருக்கிறது. ஒன்றாகக் குலுங்கினால், வளைவின் மேல் முறைத்துக்கொண்டிருக்கும் கல் முகம் கட்டியவனின் மாமியாருடையது என்று அத்தான் அவிழ்த்துவிட்டிருக்கிறார். ஊரின் கட்டடக்கலையை அவன் அடுத்தவர் கழுத்து வழியாகத்தான் படித்திருந்தான்.

"இங்க இரண்டாவது மாடில டாய்லெட் ரொம்பச் சுத்தமா இருக்கும்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. புதுக் கல்யாணப் பெண் மட்டும் ஆவலாக, "பொது ஜனங்களை விடுவாங்களா?" என்றாள்.

"வாட்ச்மேன்கிட்ட லைப்ரரிக்குன்னு சொல்லணும்."

அதற்கப்புறம் அவன் வாய் தானாக ஓடியது. இந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்தால் கல் சில்லென்று இருக்கும், கால் வீங்கினவர்களை இங்கேதான் விட்டுவிட்டுப் போவோம். அந்த மூலைக் கடையில் ஷூவுக்கு உள்ளே வைக்கிற அட்டை கிடைக்கும், பாதி ஆட்கள் அங்கேதான் காணாமல் போவார்கள். இந்தத் தூண் வரிசையில் குழந்தைகள் கட்டாயம் ஒளிந்து விளையாடும், கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் நகரவே கூடாது. அத்தான் காட்டாத ஒரு ஊர் அது. ஜனங்கள் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் முகங்களை அவன் அப்போதுதான் பார்த்தான். இத்தனை நாளும் முதுகுகளாக இருந்தவை எல்லாம் முகங்களாகி அவனையே பார்த்துக்கொண்டு வந்தன. இதைவிட்டுத் திரும்பி நடக்க அத்தானுக்கு ஏன் மனசு வரவில்லை என்று அவனுக்குச் சட்டென்று விளங்கியது.

தானும் பின்னோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது விளக்குக் கம்பம் முதுகில் அறைந்த பிறகுதான் தெரிந்தது.

"கம்பம்" என்றார் தொப்பிக்காரர், தாமதமாக.

பல் டாக்டர் அருகில் வந்து அவன் முதுகை ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கை அங்கேயே நின்றது.

"தம்பி, அதோ மறுபடியும் மணிக்கூண்டு தெரியுதே. வீட்டுக்கு இது என்ன வழி?"

வால் கால் மாறிக் கிடந்த செருப்பைப் பார்த்தான்.

"பல் பிடுங்க வர்றவங்க நாற்காலில உட்கார்றதுக்கு முன்னாடி டாய்லெட் எங்கன்னு கேப்பாங்க. போயிட்டு வந்து தண்ணி கேப்பாங்க. அப்புறம் யாருக்கோ போன் பண்ணணும்பாங்க. உங்களைப் பார்த்தா எனக்கு அந்த ஞாபகம்தான் வருது." குரலைத் தணித்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் உட்கார்ந்துட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்."

வால் திரும்பி, முன்னால் பார்த்து, நேர் ரோட்டில் நடந்தான்.

வீட்டு வாசலில் பெரியவர் நின்றிருந்தார். விஷயம் அவருக்கு அதற்குள் எப்படியோ போயிருந்தது. தொப்பிக்காரர் முந்தைய நாள் ஆஸ்பத்திரியில் அவர் நம்பரை வாங்கியிருந்தாராம்.

"வீடியோ இருக்காமே" என்றார், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக.

கூடத்தில் அத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். தலைக்காயத்தை மறைத்து நன்றாகச் சீவிவிட்டிருந்தார்கள். முகம் மேல்கூரையைப் பார்த்தபடி இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டு நகர்ந்தார்கள். அக்கா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் குனிந்து அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எதுக்கா? காரணம் தெரிய வேண்டாமா? அந்தப் படி நடைபாதைல துருத்திக்கிட்டு இருந்திருந்தா கட்டடக்காரனை விடப்போறதில்ல நான். வேற யார் தப்பாவது இருந்தாலும் சரி."

"யார் தப்பா இருந்தா என்ன. அவர் எழுந்து வரப்போறாரா?"

"பார்த்துடுவோம்மா. பார்க்காம எடுத்தா ஆயுசுக்கும் உறுத்தும்."

அக்கா வாலைப் பார்த்தாள். வால் தரையைப் பார்த்தான். அவளுக்குத் தாங்க முடியவில்லை, அதனால்தான் மறுக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். தனக்குச் சாதகமாக அவள் இன்னும் கொஞ்சம் மறுக்கக் கூடாதா என்றும் நினைத்தான். அப்படி நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது.

சமையலறைக்குப் போனார்கள். பெரியவர் கதவைச் சாத்தினார். பல் டாக்டர் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து நிறுத்தினார். அக்கா அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"நான் கேக்கறேன். நீங்க பாருங்க."

போனிலிருந்து அத்தானின் குரல் வந்தது. நேற்று வரைக்கும் அந்த வீட்டில் டவல் எங்கே, சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த குரல்.

"இந்தச் சுவரைப் பாருங்க. செங்கல் இது வரைக்கும் ஒரு மாதிரி, அதுக்கப்புறம் வேற மாதிரி. ஏன்? ரெண்டு கொத்தனார். நடுவுல ஒரு சண்டை. எந்த இடத்துல அடிச்சுக்கிட்டாங்கன்னு நான் காட்டவே வேண்டாம், சுவரே சொல்லும்."

போனுக்குள் கூட்டம் சிரித்தது. அத்தான் இரண்டு கைகளையும் விரித்து, பின்னோக்கி, அவசரமில்லாமல் நடந்தார். அவருக்குப் பின்னால், தூரத்தில், கருங்கல் படி தெரிந்தது. பல் டாக்டரின் கேமரா சுவரை நோக்கித் திரும்பியது. செங்கல். ஒரு பூனை. ஜோடியின் கோத்த விரல்கள். அப்புறம் கூட்டத்தின் கடைசி. அங்கே ஒருவன் கழுத்தைத் தொங்கப்போட்டு, கட்டைவிரலால் எதையோ தள்ளிக்கொண்டு வந்தான்.

"நிறுத்துங்க" என்றார் பெரியவர்.

படம் நின்றது.

"இது யாரு?"

"நான்தான்" என்றான் வால்.

"கை தூக்க வேண்டியவன் நீதானே?"

"ஆமா."

"என்ன பண்ணிக்கிட்டிருக்க இங்க?"

"போன் பார்த்துட்டிருக்கேன்."

"அது தெரியுது. போன்ல என்னத்தைப் பார்த்துக்கிட்டிருந்த, அவன் உயிரைவிடப் பெரிசா?"

"நீங்க அனுப்பின காலை வணக்கம்."

குடும்பக் குழுவில் பெரியவர் தினமும் தவறாமல் அனுப்புவது அது. பனித்துளியோடு ஒரு ரோஜா, கீழே நல்லதாக நாலு வரி. யாராவது பார்க்காமல் விட்டால் மறுநாள் பெயர் சொல்லிக் கேட்பார். பல் டாக்டர் திடீரென்று மேல்கூரையைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார், அங்கே ஏதோ பழைய வேலைப்பாடு இருப்பது போல.

பெரியவர் தன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"மிச்சத்தையும் போடுங்க" என்றாள் அக்கா, திரும்பாமல்.

படம் ஓடியது. கேமரா அத்தானிடம் திரும்பி வந்தது. படி இப்போது அவருக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. இன்னும் இரண்டு எட்டு. வால் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு எட்டு. அத்தான் பேச்சை நிறுத்தாமல் கூட்டத்தின் கடைசியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவருடைய வலது குதிகால் பின்னால் போய், கல்லைத் தேடி, ஒரு தடவை தட்டிப் பார்த்தது. பிறகு, வீட்டு மாடிப்படி ஏறுவது போலச் சாதாரணமாக ஏறி, படியின் மேல் நின்றார். இப்போது எல்லோருடைய தலைக்கும் மேலே இருந்தார்.

"இப்ப மேல பாருங்க" என்றார்.

எல்லோரும் மேலே பார்த்திருக்கிறார்கள். கேமராவும் பார்த்தது. கிடங்கின் உச்சி விளிம்பு, அதற்குமேல் ஆகாயம், ஒரு காக்கை. அந்தக் காக்கை பறந்து போகிற வரைக்கும் குரல் மட்டும் கேட்டது. மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளிச் சொட்டுவதற்காக அந்த விளிம்புக்கு அடியில் ஒரு பள்ளம் ஓடுகிறது, அந்தப் பள்ளம் இல்லையென்றால் இந்தச் சுவர் இன்றைக்கு இல்லை என்று அந்தக் குரல் சொன்னது. பாதியில் நின்றது.

"ஒரு நிமிஷம்" என்றது.

கேமரா இறங்கி வந்தது. அத்தான் படியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கதவு நிலையில். மன்னிக்க வேண்டும் என்பது போல ஒரு புன்னகை. அப்படியே மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் சாய்ந்து, கீழே சரிந்தார். தலை கல்லில் மோதியது அதற்குப் பிறகுதான்.

பல் டாக்டர் படத்தை நிறுத்தினார். பெரியவர் அவர் கையை விலக்கிவிட்டு, பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். ஆயுள் முழுக்கச் செய்த வேலை.

"படி ஏறியாச்சு" என்றார். "ஏறி, நின்னு, பேசியிருக்கான். அப்புறம்தான் உட்கார்றான். உட்கார்ந்த பிறகுதான் விழறான்." போனைக் கவிழ்த்து வைத்தார். "என் தம்பி தடுக்கலை. இதயம் நின்னதாலதான் விழுந்திருக்கான். தடுக்கவே இல்ல."

அதை அவர் ஒரு பட்டத்தைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு வாலைப் பார்த்தார். பார்வையில் பழைய சூடு இல்லை.

"அங்க உன்னைப் பார்த்துத் தலையாட்டினானே. அந்த நேரத்துக்குக் கையைத் தூக்கிட்ட போலிருக்கு. சரி, விடு."

கேமரா அப்போது அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாலை அல்ல. தூக்காத கையைப் பார்த்து அந்த மனுஷன் ஏன் தலையாட்டினார் என்று அவனுக்குப் புரியவில்லை.

சத்தம் கேட்டுத் திரும்பினான். அக்கா மேடையைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. பல் டாக்டர் பக்கத்தில் மண்டியிட்டு, "அழுங்கம்மா, அழுதுடுங்க" என்றார். அக்கா கையை எடுத்தாள். அவள் அழவில்லை. வெகுதூரம் தூக்கி வந்த மூட்டையைத் திண்டில் இறக்கி வைத்தவளின் முகமாக இருந்தது அது. தம்பிக்காக இவ்வளவு பயந்திருக்கிறாளே என்று வால் நினைத்துக்கொண்டான்.

வண்டி வந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பினார்கள். அத்தானின் கூட்டம் மயானத்தின் வெளி வாசல் வரைக்கும் கூடவே வந்தது, யாரும் பின்தங்கவில்லை. பிறகு பல் டாக்டர் எல்லோரையும் ரயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவரும் சற்று நேரம் பின்னோக்கி நடந்து கையசைத்தார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வீடு காலியாகிவிட்டது. பெரியவர் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். போன் மடியில் கிடந்தது. வால் நாற்காலிகளை அடுக்கி முடித்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். அக்கா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. காலைலேருந்து ஒண்ணும் திங்கலேன்னு சொன்னாங்க."

"வேண்டாம்."

"பட்டினி கிடந்து யாரைக் காப்பாத்தப் போற?"

அவன் தட்டைத் தொடவில்லை.

"அக்கா, நான் கை தூக்கல."

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பெரியவர் தூக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டார். நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். தூக்கல. அத்தான் விழற வரைக்கும் நான் போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இதயம் நின்னுதான் போனார்ங்கறது வேற. ஆனா நான் தூக்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சிதான் சொல்லுதே. நேத்து ஆஸ்பத்திரிலயே தெரியும்." அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நீ தூக்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுடா."

"படி ஏறிட்டாருங்கறதாலயா?"

"அதில்ல." உள்ளே பெரியவரின் குறட்டை நின்று, மறுபடி தொடங்கியது. "அவருக்கு உன் கை தெரியாது."

வாலுக்கு முதலில் புரியவில்லை.

"சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. ரொம்ப நாளாச்சு. ஒரு கண்ணு சுத்தமா இல்ல. இன்னொண்ணுல புகை மாதிரி. கட்டடம் பெரிசு, தெரியும்பார். கிட்ட வந்தா மூஞ்சி தெரியும். மிச்சமெல்லாம் மனப்பாடம். கூட்டத்தோட கடைசில நீ நிக்கிறது ஒரு நிழல்தான். அந்த நிழலுக்குக் கை இருக்கா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவ. அத்தான், படின்னு ஊருக்கே கேக்கும். டூரிஸம் ஆபீஸ்ல தெரிஞ்சா கழுத்துல மாட்டற லைசென்ஸ் அட்டையைப் பிடுங்கிடுவாங்க. வீட்டுல உட்கார்ந்தா செத்துடுவேன்னார். சரின்னு நானும் தினம் சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பிச்சேன். அந்தக் கண்ணோட, பின்னோக்கி நடக்கிறதுக்கு." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "படிதான் காரணம்னு அந்த வீடியோ சொல்லியிருந்தா, பெரியவர் தேடின ஆள் நீ இல்லடா. நான்."

சமையலறைத் தரையில் அவள் இறக்கி வைத்தது எது என்று வாலுக்கு இப்போது தெரிந்தது. எதிர்வீட்டில் யாரோ துணிகளை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தலையாட்டினது?" என்றான் கடைசியில். "நான் கை தூக்கினா ஒவ்வொரு தடவையும் ஆட்டுவாரே. தப்பவே தப்பாதே."

"படி எங்க எங்க வரும்னு அவருக்குத் தெரியும். அங்க நீ கை தூக்குவேன்னும் தெரியும். தூக்கியிருப்பேன்னு நம்பி ஆட்டுவார்." அக்காவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புத்தான். "ஒரு நாள் கேட்டேன். தெரியாத கைக்கு எதுக்குத் தலையாட்டறீங்கன்னு."

"என்ன சொன்னார்?"

"பையன் வேலை பார்க்கிறான், பார்த்துட்டேன்னு சொல்ல வேண்டாமான்னார்."

வால் தட்டை மடியில் எடுத்து வைத்து மூடியைத் திறந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள் அக்கா.

"போடு" என்றான்.